அதென்ன 5 மணி 29 நிமிஷம்?

2025 மே 9-ஆம் தேதி வந்த அந்த அறிவிப்பு பலருக்கு ஞாபகம் இருக்கும். ஸ்ரீநகர், அமிர்தசரஸ், ஜோத்பூர், புஜ் என்று வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைத் தற்காலிகமாக மூடினார்கள். எதுவரைக்கும்? மே 15 அதிகாலை 5 மணி 29 நிமிடம் வரை. (நிலைமை சீரானதால் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், அது வேறு.) ஆபீஸ் கேன்டீனில் அன்றைக்கு அதுதான் பேச்சு. "அஞ்சரைன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்? அந்த ஒரு நிமிஷத்துல என்ன ரகசியம்?" என்று ஒருத்தர் கேட்டார். அதற்குப் பிறகு பாகிஸ்தான் விமானங்களுக்கு நம் வான்வெளி மூடியிருக்கும் காலத்தை மாதாமாதம் நீட்டியபோதும் செய்தியில் அதே 5:29 வந்துகொண்டே இருந்தது.

ரகசியம் ஒன்றுமில்லை. விமான உலகம் முழுக்க ஒரே கடிகாரத்தில் ஓடுகிறது. அது யு.டி.சி., பழைய பாஷையில் கிரீன்விச் நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அறிவிப்பை எழுதியவர் மே 14, 23 மணி 59 நிமிடம் என்று ஒழுங்காக நாள் முடிவில்தான் முடித்திருக்கிறார். அதை இந்திய நேரத்துக்கு மாற்றினால் 15-ஆம் தேதி காலை 5:29. அவ்வளவுதான்.

அந்த அறிவிப்பின் பெயர் நோட்டாம். 'நோட்டீஸ் டு ஏர்மென்' என்பதன் சுருக்கம். கப்பல்காரர்களுக்குக் கடல் எச்சரிக்கைகள் அனுப்பும் பழைய வழக்கத்தைப் பார்த்து விமானிகளுக்கு ஏற்படுத்தியது. ஓடுபாதை மூடல், விளக்கு எரியாதது, ராக்கெட் ஏவுதலுக்காகக் கடலுக்கு மேல் ஒதுக்கிய பகுதி, ஓடுபாதை அருகே நிற்கும் கிரேன் எல்லாமே இதில்தான் வரும். ஒரு விமானம் கிளம்பும் முன் அதன் விமானியும், தரையில் இருந்து திட்டம் போடும் டிஸ்பாட்ச்சரும் இவற்றைப் படித்தே ஆக வேண்டும். நான் விமானி இல்லை. சாப்ட்வேர் வேலை, சொந்த ஊர் திண்டிவனம் பக்கம் ஓமந்தூர். நோட்டாமைப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு புயல், கூடவே நான் செய்த ஒரு தப்பு.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். அக்கா பையன் சிங்கப்பூரிலிருந்து ராத்திரி சென்னை வந்து இறங்க வேண்டும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து சென்னை விமான நிலையம் மூடல், மாலை 7 மணி வரை என்று செய்தி ஓடியது. அக்கா போனில், "தம்பி, ஏழு மணிக்குத் திறந்துடுவாங்களாடா? மாமா கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பட்டுமா?" என்று கேட்டது. நான் படித்தவன் தோரணையில், "ஏழுன்னா ஏழுதான்க்கா, அஃபிஷியலாவே சொல்லிட்டாங்க. இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும்" என்றேன். மாமா நாலரைக்குக் கிளம்பினார். அதன் பிறகுதான் மூடல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை நீட்டிக்கப்பட்டது. புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிக்கொண்டிருந்தது. மயிலத்தில் அன்றிரவு ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது என்றால், அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவின் போன் கிடைக்கவில்லை. விடிகிற வரைக்கும் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அவர் அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி உள்ளேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை. பையனுடைய விமானம் சிங்கப்பூரிலிருந்தே கிளம்பவில்லை.

அறிவிப்பில் தப்பில்லை. நான் அதைப் படித்த விதம்தான் தப்பு. முடிவு நேரம் என்பது வாக்குறுதி இல்லை, அந்த நிமிஷத்துக் கணிப்பு. இது தெரிந்துகொள்ளத்தான் அந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து நோட்டாம் எப்படி எழுதப்படுகிறது என்று தேட ஆரம்பித்தேன். இந்திய நோட்டாம்களை விமான நிலைய ஆணையத்தின் ஏ.ஐ.எம். இந்தியா தளம் வெளியிடுகிறது.

முதல் பார்வையில் தலை சுற்றும். எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் சுருக்கம். டெலிபிரிண்டர் காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் விலை உண்டு. நம் ஊரில் "அம்மா சீரியஸ் உடனே வா" என்று தந்தி அடித்த சிக்கனம்தான் இதுவும். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றுவிட்டது; நோட்டாம் இன்னும் தந்தி பாஷையிலேயே பேசுகிறது. அன்றைய சென்னை மூடலை நோட்டாம் வடிவில் நானே எழுதிப் பார்த்தேன் (அசல் இல்லை, பழகுவதற்காக எழுதிய மாதிரி. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் போட்டிருக்கிறேன்):

க்யூ) விஓஎம்எஃப் / க்யூஎஃப்ஏஎல்சி / ஐவி / என்பிஓ / ஏ / 000 / 999
ஏ) விஓஎம்எம்
பி) 2411300700
சி) 2411301330
இ) ஏடி சிஎல்எஸ்டி டியூ டபிள்யூஎக்ஸ்

விஓஎம்எம் என்றால் சென்னை விமான நிலையம். விஓஎம்எஃப் என்றால் சென்னை வான்பகுதி, அதாவது சென்னை கட்டுப்பாட்டு மையம் பார்த்துக்கொள்ளும் பெரிய ஆகாயப் பரப்பு. க்யூஎஃப்ஏஎல்சி என்ற ஐந்தெழுத்தில் முதல் க்யூ அடையாளம், நடு இரண்டு 'எதைப் பற்றி', கடைசி இரண்டு 'அதற்கு என்ன ஆச்சு'. எஃப்ஏ என்றால் விமான நிலையம், எல்சி என்றால் மூடல். அந்த இடத்தில் எம்ஆர் வந்தால் ஓடுபாதை. கம்ப்யூட்டர் வடிகட்டுவதற்கென்றே இந்த வரி. 000, 999 என்பது உயர எல்லை. தரையிலிருந்து வானம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி தொடக்கம், சி முடிவு. வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம் என்று பத்து இலக்கம். 0700 என்பதோடு ஐந்தரையைக் கூட்டினால் பகல் 12:30. 1330 என்பது மாலை 7 மணி. இப்போது அதை மறுநாள் அதிகாலை 4 வரை நீட்டியதை எழுதுங்கள். சி) 2412010400 என்று எழுதினால் தப்பு. சரியான விடை 2411302230. நமக்கு டிசம்பர் பிறந்துவிட்டது, நோட்டாமுக்கு இன்னும் நவம்பர் 30. நள்ளிரவு முதல் விடிகாலை ஐந்தரைக்குள் நடக்கிற எதுவும் நோட்டாமில் முந்தின நாள் தேதியில்தான் இருக்கும். சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர் விமானங்கள் பலவும் சென்னையில் இறங்கி ஏறுவது அந்த நேரத்தில்தான்.

இன்னொரு பொறி சி வரியின் கடைசியில் இருக்கிறது. அங்கே 'இஎஸ்டி' என்று மூன்றெழுத்து ஒட்டியிருந்தால், முடிவு நேரம் உத்தேசம் என்று அர்த்தம். அந்த நேரம் தாண்டினாலும் அது தானாகச் சாகாது. வெளியிட்டவர்களே ரத்து செய்ய வேண்டும், இல்லை புதியது போட்டு மாற்ற வேண்டும். நோட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் என் இருந்தால் புதியது, ஆர் இருந்தால் பழையதற்கு மாற்று, சி இருந்தால் ரத்து. அந்த 'ஆர்' என்ற ஓர் எழுத்தைத் தேடும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் மாமா வீட்டில் தூங்கியிருப்பார். காலையில் எடுத்த பிரிண்ட் சாயங்காலத்துக்கு உதவாது. கிளம்புமுன் இன்னொரு முறை பார்த்தால்தான் பார்த்த கணக்கு.

வடிவம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பெரிய பிரச்சினை குவியல்தான்.

சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். கிளம்பும் இடம், சேரும் இடம், கொழும்பில் இறங்க முடியாவிட்டால் ஒதுங்குவதற்கு மத்தளையோ திருவனந்தபுரமோ, நடுவில் கடக்கிற சென்னை, கொழும்பு வான்பகுதிகள். இத்தனைக்கும் நோட்டாம் எடுத்தால் பக்கம் பக்கமாக நீளும். அதில் புல் வெட்டுவது, பறவை நடமாட்டம், ஒரு டாக்ஸிவேயின் ஓர விளக்கு எரியாதது, எப்போதோ முடிந்திருக்க வேண்டிய கட்டட வேலை எல்லாம் ஒரே குரலில் பேசும். ஓடுபாதை மூடல் என்ற வரிக்கும் கிரேன் நிற்கிறது என்ற வரிக்கும் எழுத்தின் அளவில்கூட வித்தியாசம் கிடையாது.

ஏன் இப்படிக் குவிகிறது? என் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் சர்வர் எச்சரிக்கை மெயில்கள் ராத்திரிக்கு நானூறு வரும். யாரும் ஒன்றைக்கூட நிறுத்த மாட்டார்கள். நிறுத்திய பிறகு ஏதாவது ஆனால் நிறுத்தியவன் தலை உருளும் இல்லையா? அந்த நானூறில் ஒன்றாக 'பாதுகாப்புச் சான்றிதழ் நாளை காலாவதி' என்ற மெயிலும் வந்தது. நான்தான் ட்யூட்டி. பார்க்கவில்லை. மறுநாள் காலை வாடிக்கையாளர் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. "மெயில் அனுப்பியிருக்கிறோமே" என்று சிஸ்டம் குழு சொன்னது, உண்மைதான். நோட்டாமும் அப்படித்தான். கூடுதலாக ஒரு வரி போட்டால் போடுபவருக்கு நஷ்டமில்லை, விட்டுவிட்டால் மாட்டுவார். நஷ்டம் முழுக்கப் படிப்பவர் தலையில். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற விஷயத்தை நோட்டாமாக வைத்திருக்கக் கூடாது, நிரந்தர ஆவணத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது சர்வதேச விதி. உலகம் முழுக்க அந்த விதி எவ்வளவு மீறப்படுகிறது என்பதைப் பட்டியலைத் திறந்தாலே பார்க்கலாம்.

குவியல் கொல்லப் பார்த்த இரவு 2017 ஜூலை 7. டொரண்டோவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வந்த ஏர் கனடா 759. நள்ளிரவு நெருங்கும் நேரம், உள்ளே 140 பேர். அங்கே இரண்டு இணை ஓடுபாதைகள்: 28 இடது, 28 வலது. அன்றிரவு இடது பாதை மூடல், விளக்கும் அணைத்துவிட்டார்கள். விமானிகள் இறங்க வேண்டியது வலதில். இருட்டில் இடது பாதை கண்ணுக்குப் படவில்லை. ஆகவே தெரிந்த இரண்டு வரிசையில் முதலாவதை இடது என்றும், அதற்கு வலப்பக்கம் இருந்த டாக்ஸிவேயை வலது ஓடுபாதை என்றும் எடுத்துக்கொண்டார்கள். அந்த டாக்ஸிவேயில் எரிபொருள் நிரப்பிய நான்கு விமானங்கள் பயணிகளோடு வரிசையில் நின்றன. கிட்டத்தட்ட 60 அடி உயரம் வரை இறங்கிவிட்டு, கடைசி நொடியில் மேலே தூக்கினார்கள். நின்றிருந்த விமானங்களில் ஒன்றின் வால் உயரமே 55 அடிக்கு மேல்.

இடது பாதை மூடல் பற்றி நோட்டாம் இருந்ததா? இருந்தது. 27 பக்கக் கட்டில் 8-ஆம் பக்கத்தில். விமானிகள் அதைப் பார்த்த பிறகும் இறங்கும் நேரத்தில் அது மனதில் நிற்கவில்லை. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இதை வைத்தே நோட்டாம் முறையைக் கடுமையாக விமர்சித்தது. வாரியத் தலைவரே இதை யாரும் கவனிக்காத குப்பை என்கிற ரீதியில் வெளிப்படையாகப் பேசினார்.

கவனமாகப் படித்தால் போதும், தப்பிக்கலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006 பற்றிப் படிக்கிற வரை.

2000 அக்டோபர் 31 இரவு, தைப்பே. வெளியே சாங்சேன் புயல். லாஸ் ஏஞ்சலிஸ் போக வேண்டிய ஜம்போ, 179 பேர். தரப்பட்ட ஓடுபாதை 05 இடது. அதற்கு இணையாக இருந்த 05 வலது பாதையின் ஒரு பகுதி கட்டுமான வேலைக்காக செப்டம்பர் நடுவிலிருந்து மூடல். அதற்கான நோட்டாம் ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டது. விமானிகளுக்கு அது தெரியும். படித்திருந்தார்கள். அப்படியும் மழையிலும் காற்றிலும் கவனம் முழுக்கப் போக, முன்னதாகவே திரும்பி வலது பாதையில் ஏறி ஓட்டத் தொடங்கினார்கள். மூடிய பாதையின் நுழைவில் தடுப்பு எதுவும் இல்லை. தரையில் பச்சை விளக்கு வரிசை அந்தப் பக்கம்தான் வளைந்து போனது. பாதி ஓட்டத்தில் கட்டுமான இயந்திரங்கள்மீது மோதியது. 83 பேர் இறந்தார்கள்.

இது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. நோட்டாமைப் படித்து "சரி, 05 வலது மூடல்" என்று டிக் அடிப்பது ஒரு வேலை. "நான் 05 இடதுக்குப் போகும்போது, இருட்டில், இந்த மூடிய பாதை என் வழியில் எங்கே வரும்? அதில் தப்பாக ஏறிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது இன்னொரு வேலை. இரண்டாவது கேள்விக்கு நோட்டாமில் பதில் கிடையாது. விமான நிலைய வரைபடத்தை எடுத்து, மூடிய இடத்தைப் பென்சிலால் அடித்துப் பார்த்தால்தான் வரும். திட்டமிடும்போது அப்படி வரைந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எஃப், ஜி வரிகளைச் சொல்லவில்லையே. வான்வெளி சம்பந்தப்பட்ட நோட்டாமில் கீழ் உயரமும் மேல் உயரமும் அங்கே வரும். வங்கக் கடலில் ஏவுகணைச் சோதனை என்றால் அந்தப் பரப்பின் மூலைகளும் இந்த இரண்டு உயரமும் கிடைக்கும். இணையத்தில் பலர் அதை வரைபடத்தில் போட்டு என்ன ஏவுகணை, எவ்வளவு தூரம் என்று ஊகித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் வேடிக்கை பார்ப்பேன். ஆனால் இந்த இரண்டு வரிகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எம்.ஹெச்.17-ல்தான் புரிகிறது.

2014 ஜூலை 14. கிழக்கு உக்ரைனில் சண்டை. 32,000 அடிக்குக் கீழே பயணிகள் விமானங்கள் பறக்கக் கூடாது என்று உக்ரைன் நோட்டாம் போட்டது. மூன்று நாள் கழித்து, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம் அந்த இடத்தை 33,000 அடியில் கடந்தது. ஆயிரம் அடி மேலே. நோட்டாம்படி எந்தத் தவறும் இல்லை. புக் ரக ஏவுகணை தாக்கி 298 பேரும் இறந்தார்கள். அன்றைக்கு மட்டும், வான்வெளியை முழுதாக மூடும் முன், அதே பகுதியை 160 விமானங்கள் கடந்திருந்தன என்று டச்சு விசாரணை சொல்கிறது. இன்னொன்றையும் அது சொல்கிறது: உயரத்தைக் கட்டுப்படுத்திய அந்த உக்ரைன் நோட்டாம்களில் ஏன் கட்டுப்படுத்துகிறோம் என்ற உருப்படியான காரணம் இல்லை.

32,000 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் 33,000 என்று திட்டம் போட்டார்கள். "தரையிலிருந்து யாரோ விமானங்களைச் சுடுகிறார்கள், அந்த ஆயுதம் எவ்வளவு உயரம் எட்டும் என்று உறுதியில்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை கம்பெனிகள் அந்த வழியை விட்டிருக்கும்? 2025 மே-யில் நம் 32 விமான நிலையங்களுக்குச் சொன்ன காரணமும் 'ஆபரேஷனல்' என்ற ஒற்றைச் சொல்தான். அன்று நாடு முழுக்கக் காரணம் தெரியும், முழுசாகவும் மூடிவிட்டார்கள், அதனால் பாதகமில்லை. ஆனால் காரணம் சொல்லாத உயரக் கட்டுப்பாட்டை எங்கே பார்த்தாலும் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எல்லைக்கு ஆயிரம் அடி மேலே பறப்பதை அனுமதி என்று படிக்கலாம், அனுமதி வேறு பாதுகாப்பு வேறு.

இதெல்லாம் படித்த பிறகு, இன்றைக்கு ஒரு கட்டு நோட்டாம் கையில் கிடைத்தால் நான் மேலிருந்து கீழே படிப்பதில்லை. முதலில் என் விமானம் ஒவ்வோர் இடத்தையும் தொடும் நேரத்தை யு.டி.சி.யில் எழுதிக்கொள்கிறேன், இரண்டு பக்கமும் சில மணி நேரம் சேர்த்து. அந்த ஜன்னலுக்கு வெளியே விழுபவற்றைத் தள்ளிவிடலாம், இஎஸ்டி ஒட்டியவை தவிர. பிறகு சேரும் இடத்தின் ஓடுபாதையும் இறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியும். அடுத்து பலரும் மேம்போக்காக விடுவது, ஒதுங்கும் விமான நிலையம். அங்கே போகிற நாள் என்பது ஏற்கெனவே எல்லாம் கெட்டுப்போன நாள்; அன்றைக்குப் போய் அங்கே எரிபொருள் இல்லை, ராத்திரி பூட்டிவிடுவார்கள் என்று தெரிந்துகொள்ளக் கூடாது. அப்புறம் வழியில் உள்ள வான்வெளி. கிரேனும் புல்லும் கடைசி. ஹெலிகாப்டர்காரரிடம் கேட்டால் கிரேன்தான் முதலில் என்பார், அதுவும் சரி. எல்லோருக்கும் பொதுவான வரிசை ஒன்று இருந்திருந்தால் எப்போதோ மென்பொருளில் போட்டிருப்பார்கள்.

மென்பொருள் என்றதும் ஒன்று. 2023 ஜனவரி 11 காலை அமெரிக்கா முழுக்கப் புறப்பாடுகளை நிறுத்தினார்கள். காரணம் நோட்டாம் கணினியே படுத்துவிட்டது. பிரதான டேட்டாபேஸையும் பேக்கப்பையும் ஒத்திசைக்கும் வேலையில் ஒப்பந்த ஊழியர்கள் தெரியாமல் சில கோப்புகளை அழித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான விமானங்கள் தாமதம். குப்பை என்று திட்டிய அதே பட்டியல் கண்ணில் படாதபோது ஒரு விமானமும் கிளம்ப முடியவில்லை. ப்ரொடக்‌ஷனில் கை வைத்தவர்கள் யாரும் அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அக்கா பையன் போன தீபாவளிக்கு வந்தான். கிளம்பும் நாளில் சென்னைக்கான நோட்டாம்களை எடுத்துப் பார்த்தேன், ஓடுபாதை சம்பந்தமாக அவன் நேரத்தில் எதுவும் இல்லை. மாமாவிடம் சொன்னேன். "அது சரி, ராத்திரி இன்னொரு தரம் பாத்துட்டுச் சொல்லு, அப்புறம் கிளம்புறேன்" என்றார்.